கிளெஞ்ச்சா, கிளட்ச்சா?

இறுக்கிப் பிடிப்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது கிளெஞ்ச் (clench) என்று போடுவதா, கிளட்ச் (clutch) என்று போடுவதா எனக் கை தயங்கினால், இறுகுவது எது என்று மட்டும் பாருங்கள். முஷ்டி, பல், தாடை என உடம்பு தன்னோடு தானே இறுகினால் கிளெஞ்ச். பை, கம்பி, அம்மாவின் சேலை என வெளியே உள்ள ஒன்றைப் பற்றினால் கிளட்ச். அதில் பதற்றமோ பயமோ இல்லையென்றால் கிரிப் போதும்.

காரணம் வேரில் இருக்கிறது. ஒட்டிக்கொள்வதைக் குறிக்கும் கிளிங் (cling) என்ற வினையின் பிறவினைதான் கிளெஞ்ச், அதாவது 'ஒட்டவைப்பது'. நம் திருந்து, திருத்து மாதிரி. (டிரிங்க் என்பதிலிருந்து, தொப்பலாக நனைப்பதைச் சொல்லும் டிரெஞ்ச் (drench) வந்ததும் இதே வழிதான். முதலில் அதன் பொருள் 'குடிக்கவைப்பது'!) விரலோடு விரலையும் பல்லோடு பல்லையும் ஒட்டவைப்பதால் கிளெஞ்ச் அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. பழைய ஆங்கிலத்தில் கிளட்ச் என்பதற்கு விரல்களை வளைத்து மடக்குவது என்று பொருள். ஒரு பொருளைப் பற்றும்போது விரல்கள் அப்படித்தானே மடங்குகின்றன.

இந்த விதி எல்லா இடத்திலும் செல்லாது. பல்லிடுக்கில் சுருட்டைக் கடித்துப் பிடித்திருப்பவருக்கு, சுருட்டு வெளிப்பொருள் என்றாலும், கிளெஞ்ச்தான் சரி. பழைய நாவல்களில் கையில் உள்ள பொருளுக்கும் கிளெஞ்ச் வரும். அதைப் பிழை என்று திருத்த வேண்டாம். பேரத்தை முடிப்பதற்கும் போட்டியில் கோப்பையை உறுதி செய்வதற்கும் இவை இரண்டுமே ஆகாது. அங்கே கிளெஞ்ச்சின் திரிபான கிளிஞ்ச் (clinch) தான் வேண்டும். அடித்த ஆணியின் மறுமுனையை மடக்கி இறுக்கும் தச்சு வேலைக்கும் அதே சொல்தான்.