மெனு அசையாமல் நிற்க ஃப்ரேம் வேண்டுமா?

வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் பற்றிய பழைய புத்தகம் எதையாவது வைத்துக்கொண்டு படிக்கிறீர்கள் என்றால், இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் விஷயம் என்று திரையை இரண்டாக வெட்டும் ஃப்ரேம்செட் டேகைப் பார்த்திருப்பீர்கள். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 என்ற அந்தக்கால பிரவுசர் கொண்டுவந்த சங்கதி அது. 1996-ல் அது பெரிய வசதிதான். மெனுவை ஒரே ஃபைலில் எழுதினால் போதும், அப்புறம் வலப்பக்கத்தை எவ்வளவு ஸ்க்ரோல் செய்தாலும் மெனு நகராது. இவை இரண்டும் வேறு வேறு தேவைகள், உங்களுக்கு எது வேண்டும் என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வேலை, ஃப்ரேமின் கோளாறைக் கண்ணால் பார்ப்பது. ஒரு மெனு, இரண்டு பக்கம் வைத்து ஃப்ரேம்செட் செய்து, மெனுவில் ‘விலைப்பட்டியல்’ என்பதை அழுத்துங்கள். பக்கம் மாறும், மேலே முகவரி மாறாது. அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு முகப்புதான் திறக்கும். கூகுள் வழியாக விலைப்பட்டியலுக்கே நேராக வருகிறவருக்கோ மெனுவே இருக்காது, வேறெங்கும் போக வழி தெரியாமல் நிற்பார். 2014-ல் வந்த எச்டிஎம்எல்5 இந்த டேகைக் கைவிட்டுவிட்டது. பழைய தளங்களுக்காக பிரவுசர்கள் இன்னும் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

அடுத்தது, மெனுவை ஒரே இடத்தில் எழுதுவது. நாலைந்து பக்கம்தான் என்றால் காப்பி பேஸ்ட் செய்யுங்கள், தப்பே இல்லை. அதற்கு மேல் போனால் மெனுவைத் தனி பிஎச்பி (சர்வரில் ஓடும் மொழி) ஃபைலாக வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் அதை உள்ளே இழுக்கும் இன்க்ளூட் வரி ஒன்றைச் சேருங்கள். பக்கங்களின் பெயரும் பிஎச்பி என்று முடியவேண்டும். டபுள் கிளிக் செய்து திறந்தால் வேலை செய்யாது, சர்வர் வழியாகத்தான் போகவேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அதற்கு எக்ஸாம்ப் என்ற இலவச சர்வர் மென்பொருள் போதும்.

இனி அசையாமல் நிற்க வைப்பது. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில், இடத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் போட்டு மெனுவுக்கு 200 பிக்சல், மீதி இடம் விஷயத்துக்கு. மெனு திரையின் மேல் விளிம்பில் ஒட்டி நிற்க, அதற்கு பொசிஷன் ஸ்டிக்கி, டாப் 0 என்று கொடுங்கள். கொடுத்த பிறகும் மெனு பக்கத்தோடு சேர்ந்தே மேலே ஓடுகிறதா? எனக்கும் ஓடியது, ஒரு சாயங்காலமே போனது. கிரிட்டுக்குள் மெனுவின் பெட்டி பக்கத்தின் முழு உயரத்துக்கும் நீண்டுவிடுவதால், ஒட்டிக்கொண்டு நகர அதற்கு இடமே கிடைப்பதில்லை. பெட்டியை மெனுவின் உயரத்தோடு நிறுத்த அலைன்-செல்ஃப் ஸ்டார்ட் என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

360 பிக்சல் அகல போனில் அந்த 200 பாதிக்கு மேல் தின்றுவிடும். அதனால் திரை அகலம் 600 பிக்சலுக்குக் கீழே போனால் தோற்றத்தை மாற்றும் மீடியா குவெரி போட்டு மெனுவை மேலே ஏற்றிவிடுங்கள்.

பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் ஐஃப்ரேம் ஒழியவில்லையே என்று கேட்பீர்கள். மேப், யூடியூப் வீடியோ பதிக்க அது நல்லது. மெனுவை அதற்குள் வைத்தால் மட்டும், அழுத்திய பக்கம் அந்தக் குறுகிய பெட்டிக்குள்ளேயே திறந்து மானத்தை வாங்கும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் புது டேபில் ஒட்டித் திறந்து பாருங்கள். மெனுவும் கூடவே வரவேண்டும்.