காரின் கூரைத் துணி தொங்கினால்: வீட்டிலேயே மாற்றும் முறை

சேலத்தில் நிழலின்றி வீதியோரத்திலேயே நிற்கும் கார்களில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்ததும் உட்கூரைத் துணி கழன்று தொங்கத் தொடங்குவது வழக்கம். முதலில் ரூம் லைட்டைச் சுற்றியோ பின் கண்ணாடியின் ஓரத்திலோ சிறு உப்பலாகத் தென்படும். அடுத்த கோடைக்குள் அது பின் இருக்கையில் அமர்பவரின் தலையில் உரசும் அளவுக்கு இறங்கிவிடும். குண்டூசி குத்தி வைப்பது, ஊசிக்குழல் வழியாகப் பசையைச் செலுத்துவது, ஒரு மூலையை உரித்துப் பசை தடவி அமுக்குவது என்று பலரும் பலவிதமாக முயல்கிறார்கள். இவை எதுவும் ஒரு கோடையைத் தாண்டுவதில்லை. பழுது துணியிலும் இல்லை, பெரும்பாலும் பசையிலும் இல்லை என்பதே காரணம்.

இன்றைய கார்களின் கூரை உறை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே, தகரக் கூரையை ஒட்டி, அச்சில் அழுத்தி வார்க்கப்பட்ட ஒரு பலகை இருக்கும். இழைகளையும் பிசினையும் சேர்த்துச் செய்யப்பட்ட இந்தப் பலகை எடை குறைந்தது, எளிதில் மடிந்து உடையக்கூடியது. கீழே நம் கண்ணுக்குத் தெரிவது மெல்லிய பின்னல் துணி. இவ்விரண்டுக்கும் நடுவில், துணியின் முதுகோடு சேர்ந்தே வரும் சில மில்லிமீட்டர் பாலியூரித்தேன் ஃபோம் உள்ளது. பசை பலகையையும் ஃபோமையும்தான் பிணைக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது இந்த ஃபோம் தன் பிடிப்பை இழந்து பொடியாகிறது. ஒரு பாதி துணியோடும் மறுபாதி பலகையோடும் போய்விட, நடுவில் எதுவும் எதையும் பிடித்திருப்பதில்லை. தொங்கும் துணியின் ஓரத்தில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தால், மஞ்சள் தூளைத் தொட்டதுபோல் விரல் நுனியில் அது அப்பிக்கொண்டு வரும். அந்தத் தூளின் மீது எவ்வளவு உயர்ந்த பசையைத் தடவினாலும், பசை தூளைப் பிடித்துக்கொள்ளுமே தவிர பலகையைப் பிடிக்காது. சேலத்தின் சித்திரை வெயிலும், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காட்டின் பனிமூட்டமும் என்று இரண்டையும் மாறி மாறிப் பெறும் கார்களில் இந்தச் சிதைவு முந்திக்கொள்வதில் வியப்பில்லை. ஆகவே பலகையைக் கழற்றி, பழைய ஃபோமை முழுவதுமாக நீக்கி, ஃபோம் பதித்த புதுத் துணியை ஒட்டுவது ஒன்றே நிலைக்கும் வழி.

வேலையில் இறங்குமுன் உங்கள் கார் இதற்கு ஏற்றதுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், பழைய பத்மினி போன்றவற்றில் பலகை கிடையாது. குறுக்குக் கம்பிகளில் கோத்துத் தைக்கப்பட்ட துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அது தையல் தெரிந்த குஷன் கடைக்காரரின் வேலை. சன்ரூஃப் உள்ள கார்களில் பலகை பெரிதும் சிக்கலாகவும் இருப்பதால் முதல் முயற்சிக்கு அவை வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஏர்பேக். ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் உள்ள ஏர்பேக்குகள் நம் வேலைக்குக் குறுக்கே வருவதில்லை. ஆனால் கதவுகளுக்கு மேலே, கூரையின் இரு ஓரங்களிலும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் கர்ட்டன் ஏர்பேக் நேராக இந்தப் பலகையின் விளிம்பில்தான் இருக்கிறது. பில்லர் உறைகளில், அதாவது கண்ணாடிகளுக்கும் கதவுகளுக்கும் நடுவே கூரையைத் தாங்கும் தூண்களின் உறைகளில், ஏர்பேக் என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருந்தால், கழற்றி மாட்டும் பகுதியை மட்டுமாவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவதே பொறுப்பான செயல். அந்த உறை தவறான கிளிப்பில் மாட்டப்பட்டாலும், விபத்தின்போது பை விரிவது தடைபடலாம்.

துணியில் பழுப்பு நிற வளையமாகக் கறை இருந்தால் மழைநீர் கசிகிறது என்று பொருள். ஆன்டெனாவின் அடி ரப்பர், கேரியர் பொருத்திய திருகுத் துளைகள், முன் கண்ணாடியின் சீலிங் ஆகியவற்றைத் தண்ணீர் ஊற்றிச் சோதித்து, கசிவை அடைத்த பிறகே மேலே செல்லலாம்.

துணி வாங்கும்போது கடையில் ரூஃப் லைனிங் துணி என்றே கேட்க வேண்டும். லாரித் தொழில் ஊன்றிய ஊர் என்பதால் சேலத்தில் குஷன் கடைகளுக்கும் அவற்றுக்குச் சரக்குத் தரும் கடைகளுக்கும் குறைவில்லை. முதுகில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஃபோம் பதித்த, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஓரளவு இழுபடும் துணியாக இருக்க வேண்டும். ஃபோம் இல்லாத துணி மலிவாகக் கிடைக்கும். ஆனால் பலகையின் மேடு பள்ளமெல்லாம் அதன் வழியே அப்படியே தெரியும். ரெக்சின் இழுபடாது, எடையும் கூடுதல். பழைய துணியின் மேலேயே அதை ஒட்டித் தருகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. பொடியான ஃபோமின் மேல் இன்னும் எடையை ஏற்றும் அந்த வேலைக்குப் பணம் கொடுப்பதைவிடத் தொங்கும் துணியோடு ஓட்டுவதே மேல். அளவைப் பொறுத்தவரை, பலகையின் நீள அகலங்களோடு ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 10 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். பள்ளங்களுக்குள் துணி இறங்கும்போது அந்த மிகை காணாமல் போய்விடும். நிறத்தில் பில்லர் உறைகளோடு ஒத்துப்போகும் இளஞ்சாம்பல் அல்லது மணல் நிறம் போதும். தூய வெள்ளையில் பசை ஊறினால் கறை உடனே தெரியும்.

பசையில் சிக்கனம் பார்க்கக்கூடாது. வெயிலில் பூட்டி நிற்கும் காரின் கூரையடி 70 டிகிரி செல்சியசைத் தொடக்கூடும் என்பதால், அதற்கும் மேல் தாங்கும் என்று டப்பாவிலேயே குறிப்பிடப்பட்ட, குஷன் வேலைக்கான ரப்பர் வகைப் பசையையே வாங்க வேண்டும். வெள்ளை மரப்பசை இதற்கு ஆகாது. ஸ்ப்ரே டப்பாவாகக் கிடைத்தால் நல்லது. இல்லையெனில் பசையை அதற்குரிய தின்னரில் நீர்க்கச் செய்து கம்ப்ரஸர் துப்பாக்கியால் தெளிக்கலாம். பிரஷால் தடவினால் ஓரிடத்தில் தேங்கும் பசை ஃபோமைக் கரைத்துத் துணியின் முகப்புக்கு ஊறி வந்துவிடும். இவற்றோடு மாற்றுக் கிளிப்புகள் பத்துப் பன்னிரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கழற்றும் வேலைக்கு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். முன் இருக்கைகளின் தலையணைகளை எடுத்துவிட்டு, இருக்கைகளை முழுவதும் பின்னால் சாய்க்கவும். பிறகு சன் வைசர்கள், கைப்பிடிகள், ரூம் லைட், சீட் பெல்ட்டின் மேல் மூடிகள், பில்லர் உறைகள் என்ற வரிசையில் கழற்றி, ஒவ்வொன்றின் திருகையும் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். கைப்பிடித் திருகுகள் பெரும்பாலும் இரு முனைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும். கதவு வாசல்களின் ரப்பர் பீடிங்கை மேல் பகுதியில் மட்டும் இழுத்து விட்டால் பலகையின் விளிம்பு விடுபடும். ஏற்காட்டில் காலைக் குளிரில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக் கிளிப் குளிரில் எளிதில் முறியும், கார் சற்று வெயில் வாங்கிய பிறகு வளைந்து கொடுக்கும். கடைசிக் கிளிப்பை எடுக்கும்போது பலகையைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். பலகையின் மேல்புறத்தில் ரூம் லைட்டின் ஒயர் டேப்பால் ஒட்டப்பட்டிருக்கலாம் என்பதால், சடாரென்று இழுக்காமல் எட்டிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு பிரிக்கவும். ஹேட்ச்பேக் கார்களில் பலகையை டிக்கி வழியாகச் சாய்த்து எடுத்துவிடலாம். செடான்களில் முன் கதவு வழியாகக் கோணம் பார்த்து, மெல்ல வளைத்து எடுக்க நேரும். நடுவில் மடிந்து கோடு விழுந்தால் அந்தக் கோடு புதுத் துணியிலும் தெரியும்.

பலகையை மேசை மீதோ இரண்டு பெஞ்சுகள் மீதோ கிடத்தியபின் பழைய துணியை உரித்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். அங்கேயே பாதி வேலை முடிந்ததுபோல் தோன்றும். உண்மையில் அங்கேதான் வேலை தொடங்குகிறது. பலகையில் ஒட்டி நிற்கும் ஃபோம் எச்சத்தைத் துணி துவைக்கும் நைலான் பிரஷால், ஒரே திசையில், அழுத்தாமல் தேய்த்து நீக்க வேண்டும். கம்பிப் பிரஷ் பலகையின் இழைகளைப் பிய்த்துவிடும். தண்ணீர் பட்டால் பலகை உப்பிக் கோணும். தின்னர் ஊற்றினால் ஃபோம் குழம்பாகி உள்ளே இறங்கும். எனவே உலர்ந்த பிரஷைத் தவிர குறுக்கு வழியில்லை. முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, வீட்டுக்கு வெளியே, காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டி நின்று செய்யவும். பறக்கும் தூளில் ஃபோமோடு கண்ணாடி இழைத் துகள்களும் கலந்திருக்கக்கூடும். பிரஷ் போட்டு முடித்ததும் உப்புத்தாளால் லேசாக ஒரு முறை தடவி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உள்ளங்கையைப் பலகை முழுவதும் ஓட்டிப் பார்த்தால் கையில் நிறம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் மீண்டும் தேய்க்க வேண்டும். சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம் ஆனாலும் அது வீணல்ல; ஒட்டிய சில மாதங்களில் திரும்பத் தொங்கும் கூரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் அவசரப்பட்டவையே. பலகையில் விரிசல் இருந்தால், மேல்புறத்தில் ஒரு துண்டு ஃபைபர் துணியை எப்பாக்சி பசை கொண்டு ஒட்டிக் காய விடலாம்.

ஒட்டுவதற்கு ஏற்ற நாளைத் தேர்ந்தெடுப்பதில் மலைக்கும் சமவெளிக்கும் வேறுபாடு உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், பனி இறங்கிய நாளில் பசை தெளித்தால், தின்னர் ஆவியாகும்போது குளிரும் பசைப்படலத்தின் மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும். தொட்டால் ஒட்டுவதுபோலத்தான் இருக்கும், ஆனால் பிடிப்பு இராது. சேலத்திலோ நண்பகல் வெயிலில் பசை முற்றிலும் உலர்ந்து, துணியை விரிப்பதற்குள் ஒட்டும் தன்மையையே இழந்துவிடும். தை, மாசி மாதங்களின் காலை ஒன்பது மணிக்கு மேற்பட்ட நேரம் இரண்டு இடங்களுக்கும் பொருந்தும். பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது, தலையைச் சுற்ற வைப்பது. ஆகவே நிழலுள்ள திறந்த இடமாகவும், அருகில் அடுப்போ பீடியோ இல்லாத இடமாகவும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் துணியைப் பசையின்றியே பலகை மீது விரித்து, நாற்புறமும் மிகை சமமாக இருக்கும்படி வைத்து, ஒரு பாதியைக் கிளிப் போட்டு நிறுத்தவும். மறுபாதியை நடுக்கோடு வரை சுருக்கமின்றி மடித்து, பலகைக்கும் ஃபோமுக்கும் என்று இரண்டு பரப்புகளிலும் மெல்லிய, சீரான படலமாகத் தெளிக்க வேண்டும். பலகை பசையை உறிஞ்சினால் அதற்கு மட்டும் இரண்டாம் முறை தெளிக்கலாம். டப்பாவில் சொல்லியுள்ள நேரம் பொறுத்து, விரலின் பின்புறத்தால் தொட்டுப் பார்க்கவும்: விரல் இழுபட வேண்டும், பசை விரலோடு வரக்கூடாது. அந்தப் பதத்தில், நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் துணியை இறக்கி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவிச் செல்ல வேண்டும். உதவியாளர் துணியின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்திருப்பார்; அவர் அதை இழுக்கக்கூடாது. ரூம் லைட்டின் குழிவிலும் வைசரின் பள்ளங்களிலும், துணி பாலம்போட்டு நிற்க விடாமல், முதலில் குழியின் அடியை விரலால் ஒட்டிவிட்டுப் பிறகு அதன் சரிவுகளில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். சுருக்கம் விழுந்தால் அந்த நொடியிலேயே மெல்ல உரித்து மறுபடி இறக்கலாம். தாமதித்தால் ஃபோம் கிழியும். இதே முறையில் மறுபாதியையும் முடிக்கவும்.

ஓரங்களில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, பின்பக்கம் மடித்து ஒட்டவும். வளைவான மூலைகளில் சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் மடிப்பு படியும். ரூம் லைட் துளையில் நட்சத்திரமாகக் கீறி இதழ்களைப் பின்னால் மடிக்க வேண்டும்; திருகுத் துளைகளுக்குக் குத்தூசியால் ஒரு துளை இட்டால் போதும். ஒரு நாள் முழுவதும் பலகையை நிழலில் சமமாகக் கிடத்தி வைத்த பிறகே காருக்குள் ஏற்ற வேண்டும்.

மாட்டும்போது ரூம் லைட்டையும் இரு வைசர்களையும் முதலில் தளர்வாகப் பொருத்தி, பலகை நான்கு பக்கமும் சரியாக அமர்ந்ததைப் பார்த்துக்கொண்டு, பிறகு கைப்பிடிகளையும் பில்லர் உறைகளையும் பீடிங்கையும் முடித்து, கடைசியாகத் திருகுகளை இறுக்கவும். புதுத் துணியில் அழுக்கு சட்டென்று ஒட்டும் என்பதால், கிரீஸ் பட்ட கையைக் கழுவிவிட்டு மாட்டுவது நலம். பேட்டரியை இணைத்து விளக்கு எரிகிறதா என்று பார்த்தபின், பசை வாடை போகும் வரை சில நாள்கள் கண்ணாடிகளைச் சற்றே இறக்கி வைக்கலாம். இரண்டு மீட்டர் துணி வாங்கியிருந்தால், அகலவாக்கில் ஒரு நீண்ட துண்டு மீந்திருக்கும். பழைய சன் வைசர்களின் நிறம் புதுக் கூரையின் அருகில் மங்கித் தெரியும் என்பதால், அந்தத் துண்டை அவற்றுக்கு உறையாகத் தைத்துத் தரும்படி குஷன் கடையில் கொடுத்துவிடலாம்.