ஆஸ்திரிய ஷில்லிங் தாளைப் படிக்கும் முறை

யூரோவுக்கு முன் ஆஸ்திரியாவின் பணமாக இருந்தது ஷில்லிங். ஆஸ்திரிய தேசிய வங்கி 1980களில் வெளியிட்ட ஷில்லிங் தாள் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முன்பக்கத்து முகத்தைப் பார்த்ததோடு நின்றுவிடாமல் தாளைத் திருப்பி, பின்பக்கத்துக் கட்டடத்துக்கும் அந்த மனிதருக்கும் என்ன தொடர்பு என்று முதலில் தேடுங்கள். ராபர்ட் கலினா வடிவமைத்த இந்த வரிசையின் அழகு முழுவதும் அந்தத் தொடர்பில்தான் இருக்கிறது.

500 ஷில்லிங் தாளில் அது எளிதில் பிடிபடும்: முன்பக்கம் கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர், பின்பக்கம் அவரே வியன்னாவில் எழுப்பிய அஞ்சல் சேமிப்பு வங்கி. முந்தைய வரிசையின் 1967ஆம் ஆண்டு 20 ஷில்லிங் தாளும் இப்படித்தான். பொறியாளர் கார்ல் வான் கேகாவுக்குப் பின்னால் அவர் அமைத்த செம்மரிங் மலை இரயில்பாதை இருக்கிறது. 1000 ஷில்லிங் தாளில் இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கரையும், அவர் படித்து, 1956இல் பேராசிரியராகத் திரும்பிய வியன்னா பல்கலைக்கழகத்தையும் காணலாம்.

5000 ஷில்லிங் தாளுக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். முன்பக்கத்தில் 1791இல் இறந்த இசையமைப்பாளர் மோட்சார்ட் இருக்க, பின்பக்கத்தில் 1869இல் திறக்கப்பட்ட வியன்னா அரசு இசைநாடக அரங்கம் இருப்பது முதலில் பொருந்தாததுபோலத் தோன்றும். ஆனால் அந்த அரங்கம் திறக்கப்பட்ட நாளில் மேடையேறியது மோட்சார்ட்டின் 'டான் ஜொவானி' இசைநாடகம் என்பது தெரிந்தபின், இந்த வரிசையிலேயே நுட்பமான இணைப்பு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, அதே தாளை விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒளி படும் கோணத்துக்கேற்ப உருவம் மாறும் கினிகிராம் என்ற மெல்லிய உலோகப் படலம் பணத்தாளில் முதன்முதலாக இடம்பெற்றது இதில்தான். சாதாரண நகலெடுப்புக் கருவியால் அந்த அசைவைப் பிடிக்க முடியாது. பிறகு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியைச் சரிபாருங்கள்.

ஆண்டைக் குறிக்கும்போது கவனம் தேவை: தாளில் அச்சிட்டிருக்கும் தேதி அது புழக்கத்துக்கு வந்த நாளாக இருக்க வேண்டியதில்லை. மோட்சார்ட் தாளில் 1988 என்றிருந்தாலும், மக்கள் கைக்கு அது வந்தது 1989இல்தான்.

விற்பதற்கு முன் மாற்று மதிப்பையும் பாருங்கள். ஒரு யூரோவுக்கு 13.7603 ஷில்லிங் என்ற நிலையான விகிதத்தில் மோட்சார்ட் தாளுக்குத் தேசிய வங்கியில் காலவரம்பின்றி 363.36 யூரோ கிடைக்கும். வாக்னர், ஷ்ரோடிங்கர் தாள்களை மாற்றும் கெடு 2018 ஏப்ரல் 20ஆம் நாளோடு முடிந்துவிட்டதால், அவற்றுக்குச் சேகரிப்பாளர் தரும் விலை மட்டுமே உண்டு.