ஏவு கம்பிக்கு லக் ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி ராக்கெட் கட்டப் பழகுகிறவர்கள் துடுப்புகளை நேராக ஒட்டுவதற்கு அவ்வளவு மெனக்கெடுகிறார்கள். லக்கை மட்டும் கடைசியில் அவசர அவசரமாக ஒட்டிவிடுகிறார்கள். கம்பியில் ராக்கெட்டைக் கோத்து நிறுத்தும் அந்தச் சிறு குழாய் வெறும் மாட்டல் அல்ல. துடுப்புகளின் மேல் காற்று நொடிக்குச் சுமார் 15 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் அவற்றுக்குப் பிடி கிடைக்கும். அதுவரை ராக்கெட்டுக்கு வழிகாட்ட அந்தக் கம்பியை விட்டால் வேறு எதுவும் இல்லை.

கோடு போடாமல் ஒட்டுவது

இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. அட்டைக் குழாயின் மேல் சுருளாக ஓடும் இணைப்புக் கோடு கண்ணை ஏமாற்றும். நேராக இருப்பதாகத் தோன்றும் இடம் நேராக இருக்காது.

இரண்டு லக் வைப்பவர்களுக்கு எல்லோரும் ஓர் ஆலோசனை சொல்கிறார்கள்: பசை காயும்வரை இரண்டின் ஊடாகவும் கம்பியைச் செருகி வையுங்கள் என்று. நல்ல ஆலோசனைதான், ஆனால் பாதிதான். கம்பி செருகினால் இரண்டு லக்கும் ஒன்றுக்கொன்று நேராகும். ராக்கெட்டுக்கு நேராகுமா என்பது வேறு கேள்வி.

அண்மையில் ஒரு மாணவர் 66 மி.மீ. குழாயில் அழகாக ஒரு ராக்கெட் கட்டிவந்தார். கம்பியில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்தச் சோதனையோடு அவர் நிம்மதியாகிவிட்டார். டி12-5 மோட்டார் பற்றியதும் ராக்கெட் சாய்ந்தபடியே கம்பியை விட்டு, வளைந்து பக்கவாட்டில் போனது. அந்த மோட்டார் இரண்டு நொடிக்குள் எரிந்து தீரும். பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்க இன்னும் ஐந்து நொடி ஆகும். அதற்குள் மூக்கு கீழே திரும்பி வேகம் பிடித்துவிட்டது. பாராசூட் கிழிந்தது. சுற்றி நின்றவர்கள் காற்றின் மேல் பழி போட்டார்கள்.

எடுத்து வந்து அலுமினிய ஆங்கிள் (எல் வடிவப் பட்டை) ஒன்றைக் குழாயின் மேல் வைத்துப் பார்த்தேன். 20 செ.மீ. இடைவெளியில் இருந்த இரண்டு லக்குகளில் மேலே இருந்தது 1 செ.மீ. விலகியிருந்தது. ஏறக்குறைய மூன்று டிகிரிச் சாய்வு. மோட்டார் ஒரு திசையில் தள்ள, கம்பி வேறு திசையில் இழுத்துப் பிடித்திருக்கிறது; லக்கின் விளிம்பில் உராய்ந்த தடம் பளபளவென்று தெரிந்தது. பெயர்த்தபோது வர்ணத்தோடு குழாயின் மேல்தாளும் உரிந்து வந்தது.

இத்தனைக்கும் கோடு போட ஒரு நிமிடம் போதும். ஆங்கிளின் இரண்டு விளிம்பும் குழாயைத் தொடும்படி வைத்தால் அது தானாகவே குழாயின் அச்சுக்கு இணையாக அமரும். விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுங்கள். ஆங்கிள் இல்லையா? கதவுச் சட்டத்தின் மூலையில் குழாயை அழுத்தி வைத்து இழுக்கலாம். துடுப்பு ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பிறகு ஆங்கிளை வைப்பது சிரமம். கோடு இரண்டு துடுப்புகளுக்குச் சரிநடுவில் வரட்டும். இரண்டு லக்கையும் அந்தக் கோட்டில் வைத்து, அதன்பின் கம்பியைச் செருகுங்கள்.

பசையும் வர்ணமும் லக்குக்குள் போவது

கம்பியில் மெழுகு தடவிச் செருகுங்கள். வர்ணம் காய்ந்ததும் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே ஒரு முறை ஓட்டுங்கள்.

அகன்ற தலைப்பகுதியை மறப்பது

மேல்பகுதி குழாயைவிட அகலமா? கம்பி அதில் இடிக்காதபடி லக்குக்கு அடியில் பால்சா (லேசான மரம்) கட்டை வைத்து உயர்த்துங்கள்.

ரெயில் பட்டனை இறுக்கி முடுக்குவது

கம்பிக்குப் பதில் பள்ளமுள்ள ரெயிலில் ஏவுபவர்கள் லக்குக்குப் பதிலாகத் திருகும் பொத்தான்தான் ரெயில் பட்டன். விரலால் சுழற்றினால் அது சுழல வேண்டும். திருகின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பாராசூட் மாட்டும்.

மேல் பட்டனை மிகவும் மேலே வைப்பது

இடைவெளி கூடினால் பிடிப்பு கூடும் என்று நினைக்கிறார்கள். மேல் பட்டன் ரெயிலை விட்டு வெளியேறிய கணத்தில் வழிகாட்டல் முடிந்துவிடுகிறது. கீழ்ப் பட்டன் மட்டும் மிஞ்சினால் ராக்கெட் அதைச் சுற்றித் திரும்பும். ஆகவே கீழ்ப் பட்டன் வால் அருகிலும் மேல் பட்டன் ஈர்ப்பு மையத்தை ஒட்டியும் இருக்கட்டும்.

மூன்றாவது பட்டன்

வேண்டாம். மூன்று துளை ஒரே கோட்டில் விழுவதே கடினம், இரண்டு போதும்.