இலையைப் பார்க்கும் முன்பே வசனம் வேண்டாம்: சிறு பிள்ளைகளுக்கு இயற்கை வழியாக விசுவாசம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு பள்ளியில் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒரு நாள் ஆலய வளாகத்தில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் அவர்களைக் கூட்டிப் போனேன். ஒரு இலையில் காக்கா எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு சிறுமி குச்சியால் மெல்லத் தொட்டாள். எச்சம் நகர்ந்தது! எல்லாரும் குனிந்து மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன். "கர்த்தர் எவ்வளவு அழகாகப் படைத்திருக்கிறார் பாருங்க. எல்லாரும் சொல்லுங்க, ஆதியாகமம் ஒன்று ஒன்று." பிள்ளைகள் நிமிர்ந்தார்கள், கைகட்டினார்கள், ஒப்பித்தார்கள். அப்புறம் புழுவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாம் செய்கிற பெரிய தவறு இதுதான். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர், "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்" என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, காட்டுப் புஷ்பங்களையும் கவனித்துப்பார்க்கச் சொல்கிறார். பார்ப்பதற்கு அவர் கொடுத்த நேரத்தை நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. ஐந்து நிமிடமாவது பேசாமல் இருங்கள். பிறகு, "என்ன பார்த்தே?" என்று மட்டும் கேளுங்கள். வசனத்தை அடுத்த வாரம்கூடச் சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தப் புழுவே இன்னொரு தவறுக்கும் இடம் கொடுக்கும். ஈஸ்டர் வந்தால், "புழு செத்து, கல்லறைக்குள் போய், வண்ணத்துப்பூச்சியாக உயிர்த்தது" என்று சொல்லிவிடுகிறோம். கூட்டுக்குள் புழு சாவதில்லை. உயிரோடுதான் உருமாறுகிறது. நாலைந்து வருடம் கழித்துப் பள்ளிக்கூட அறிவியல் பாடத்தில் பிள்ளை இதைப் படிக்கும். அன்றைக்கு, "அக்கா சொன்னது பொய்யா?" என்ற கேள்வி புழுவோடு நிற்காது, உயிர்த்தெழுதலையும் தொடும். இயேசு உண்மையாகவே மரித்தார், உண்மையாகவே எழுந்தார். ஒவ்வொரு செடியிலும் தானாக நடக்கிற காரியம் அல்ல அது. "பழைய உருவமே தெரியாத அளவுக்கு மாறிப்போச்சு பாரு, தேவன் மனுஷரையும் இப்படிப் புதிதாக்குவார்" என்று சொன்னால் போதும். பொய்யும் இல்லை, அழகும் குறையவில்லை.

கடுகு விதை சகல விதைகளிலும் சிறியது என்று ஆண்டவர் சொன்ன உவமையைப் பாடமாக எடுத்தபோது ஒரு பையன் கேட்டான்: "அக்கா, கசகசா அதைவிடச் சின்னதுதானே?" இப்படிக் கேட்கிற பிள்ளையை, "வேதத்தில் இருக்கு, பேசாம உட்காரு" என்று அடக்கிவிடாதீர்கள். அவன் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியைக் கவனித்துப் பார்த்தவன். ஆண்டவர் அங்கே விதைகளைப் பட்டியல் போடவில்லை. மிகச் சிறியதைச் சொல்ல யூதர்கள் கடுகைத்தான் உவமை காட்டுவார்கள், அந்த வழக்கில் பேசினார் என்று எளிதாகச் சொல்லலாம். கலிலேயாப் பக்கத்துக் கடுகுச் செடி ஆள் உயரத்துக்கு மேலும் வளரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஈரத்துணியில் கடுகும் கசகசாவும் போட்டு வையுங்கள். மூன்று நாளில் கடுகு முளைவிடும். பிள்ளைகள் ஓடி ஓடி வந்து பார்ப்பார்கள்.

விடுமுறை வேதாகமப் பள்ளிப் புத்தகங்களில் பனி பெய்யும், ஆப்பிள் காய்க்கும். ஜன்னலுக்கு வெளியே வேம்பும் பனையும் நிற்கும். வெளியே நிற்பதிலிருந்து தொடங்குங்கள். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலையில் சிலுவை மடிக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஓலை எந்த மரத்தின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று ஒருமுறை காட்டலாமே. வேம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டார் மஞ்சள் பூசிக் கும்பிடும் மரம் என்பதற்காக அதைக் கண்டு பயப்படக் கற்றுக்கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்றுதான் 24ஆம் சங்கீதம் தொடங்குகிறது. மரத்தை வணங்க மாட்டோம், வெறுக்கவும் மாட்டோம், அடுத்தவரைக் கேலி செய்யவும் மாட்டோம். இந்த மூன்றும் ஆறு வயதுப் பிள்ளைக்கே புரியும்.

நாம் அதிகம் தடுமாறுவது கடலைப் பற்றிப் பேசும்போதுதான். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் அந்த நாளைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்கிறவர்கள். 2017 ஒக்கிப் புயலும் அப்படித்தான். பூ, பட்டாம்பூச்சி, வானவில் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு நாள் கேட்பார்கள்: "கடலையும் அவர்தானே உண்டாக்கினார்?" பேச்சை மாற்றாதீர்கள். "செத்தவர்கள் பாவம் செய்தார்கள்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அப்படியல்ல என்று ஆண்டவரே லூக்கா 13இல் சொல்லியிருக்கிறார். "எனக்கும் தெரியலை கண்ணு, நாம அவர்கிட்டயே கேட்போம்" என்று சொல்லுங்கள். சங்கீதங்களில் நிறைய இப்படிக் கேட்டு அழுகிற ஜெபங்கள்தான். கடலில் புயல் அடித்தபோது பயந்த சீஷர்களோடு இயேசுவும் ஒரே படகில் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். படைப்பைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, பிளாஸ்டிக் கப்பில் ஜூஸ் கொடுத்து, கப்புகளைச் சுவருக்குப் பின்னால் எறிந்தால் பிள்ளைகள் அதைத்தான் கற்றுக்கொள்வார்கள். ஏதேனில் மனுஷனுக்குக் கிடைத்த முதல் வேலையே தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்".

எங்கள் வகுப்பில் இப்போது கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது வாரம் ஒரு பிள்ளையின் முறை. போன வாரம் ஒரு பையன் காலி வாளியோடு வந்து, "புழு பதினொரு இலை தின்னிருக்கு அக்கா, இன்னும் கூடு கட்டலை" என்றான்.