முட்டி அறுவை சிகிச்சைக்கு முன் ஆய்வில் சேர அழைத்தால் செய்ய வேண்டியவை

மெரினா மணலில் கால்பந்து ஆடி முட்டியில் ஜவ்வு கிழிந்து, சென்னை மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவரிடம், மருத்துவ ஆய்வு ஒன்றில் சேரச் சம்மதமா என்று கேட்கப்படலாம். சேர்வது அவர் விருப்பம். மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது.

முதலில் ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்திவரும், மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்யும் சிடிஆர்ஐ (CTRI) பதிவேட்டில் அந்த எண்ணைக் கட்டணமின்றித் தேடி, ஆய்வை நடத்துபவர் யார், பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்துவிட்டதா, எதை எத்தனை மாதம் அளக்கப் போகிறார்கள் என்பதைப் பார்க்கலாம்.

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. ஆறு வாரத்தில் வலி எவ்வளவு குறைந்தது என்று மட்டும் அளக்கும் ஆய்வு, நீங்கள் மறுபடி மைதானத்தில் இறங்க முடியுமா என்பதற்கு விடை தராது. முட்டியின் நிலையை அறியப் பயன்படும் கூஸ் (KOOS) என்னும் 42 கேள்விகள் கொண்ட படிவம் வலியோடு அன்றாட வேலை, விளையாட்டு, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றையும் 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறது. அப்படிப்பட்ட அளவீடு இருப்பது நல்லது. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் புதிதாகப் பொருத்திய தசைநார் உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். அறுவைக்குப் பின் 9 மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2016இல் வெளியான நார்வே, அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே மறுகாயத்தைப் பற்றிப் பேசும் ஆய்வு ஆறே மாதத்தில் முடிந்தால், ஏன் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

அடுத்தது ஒப்புதல் படிவம். தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து, பிறகு கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடப்படும் சிகிச்சைக் குழுக்களில் எதில் நீங்கள் இருப்பீர்கள் என்பது குலுக்கல் முறையில் முடிவாகுமா, கூடுதல் ஸ்கேனுக்கும் பிசியோதெரபிக்கும் போக்குவரத்துக்கும் யார் பணம் தருவார்கள், ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் எப்படிக் கிடைக்கும் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு.

சேர்ந்தபின் மறைக்காமல் பேசுங்கள். நம் ஊரில் அறுவைக்குப் பிறகும் ஓசையின்றிப் போய்ப் புத்தூர் கட்டு போட்டுக்கொள்வோர் உண்டு; அதையும், கடையில் வாங்கி விழுங்கிய வலிமாத்திரையையும், தவறவிட்ட பயிற்சி நாட்களையும் ஆய்வுக்குழுவிடம் சொல்லாவிட்டால், குறித்து வைக்கும் எண்கள் உங்கள் முட்டியின் உண்மை நிலையைக் காட்டாது.