ஐந்து யார்டுதானே என்று சட்டையைப் பிடிக்காதீர்கள்

போன சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி ஆட்டத்தில் எங்கள் பையன் ஒருவன் எதிரணி ரிசீவரின் (எறியும் பந்தைப் பிடிக்க ஓடுபவனின்) சட்டையை முதுகுப் பக்கமாகப் பிடித்து இழுத்தான். நடுவரின் கொடி விழுந்தது, ஃபவுல் என்று அர்த்தம். அவன் கொஞ்சமும் கலங்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினான். ‘வேண்டுமென்றேதான் செய்தேன், கோச்’ என்று அர்த்தம். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் நானே வைத்திருந்த முகம்தான்.

டல்லாஸ் பக்கம் ஒரு வார இறுதி லீகில் ஆறு வருடம் கார்னர்பேக்காக, அதாவது ரிசீவரை ஒட்டி நின்று தடுப்பவனாக, ஆடினேன். முட்டி போன பிறகு டிஃபென்ஸ் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் லீகில் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல் விதிகள்தான். அதனால் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்ததை அடுத்த சனிக்கிழமை செய்து பார்ப்பார்கள். அதில் முதலில் தொற்றிக்கொள்வது இந்த வேண்டுமென்றே ஃபவுல் செய்யும் வித்தை.

வித்தை கெட்டது என்று நான் சொல்லவில்லை. சாக்கரில் கோலை நோக்கி ஓடுபவனை இழுத்துப் போட்டு மஞ்சள் அட்டை வாங்கிக்கொள்வதில்லையா, அந்த மாதிரிதான். தண்டனையை விலையாகக் கொடுத்து ஒன்றை வாங்குகிறோம். விலை தெரியாமல் வாங்குவதுதான் பிரச்சினை. ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுக்காதே, விசிலுக்குப் பிறகு தள்ளாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

அரை மனதாகப் பிடிப்பது

ரிசீவர் உங்களைத் தாண்டிவிட்டான், பந்து காற்றில் இருக்கிறது, பிடித்தால் டச் டவுன் (கோல் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளிகள்). இந்த இடத்தில் அவனை இழுத்துப் போடுவது நியாயமான கணக்கு. 2019 ஜனவரியில் என்எஃப்சி சாம்பியன்ஷிப்பில், அதாவது ஓர் அரையிறுதியில், ராம்ஸ் அணியின் நிக்கல் ரோபி-கோல்மன் செய்தது அதுதான். பந்து வருவதற்கு முன்பே செயின்ட்ஸ் ரிசீவர் டாமிலீ லூயிஸ் மேல் போய் மோதினார். கொடியே விழவில்லை. ராம்ஸ் கூடுதல் நேரத்தில் 26-23 என்று வென்று இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குப் போனது. அது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்தான் (பந்தைப் பிடிக்கவிடாமல் ரிசீவரைத் தடுக்கும் ஃபவுல்) என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

புதியவர்கள் இதைப் பார்த்துவிட்டு விரல் நுனியால் பிடிக்கிறார்கள். கொடி விழும், ரிசீவர் பந்தையும் பிடிப்பான். எதிரணி தண்டனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு டச் டவுனை எடுத்துக்கொள்ளும். பிடிப்பதென்றால் அவன் கை பந்துக்குப் போகாதபடி பிடிக்க வேண்டும்.

கல்லூரியில் ஆடிவிட்டு வருகிற பையன்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. அங்கே பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு அதிகபட்சம் 15 யார்டுதான். 40 யார்டு தள்ளி இழுத்துப் போட்டாலும் 15. என்எஃப்எல் விதியில் தவறு நடந்த இடத்துக்கே பந்து போகும். 40 என்றால் 40. கோல் கோட்டுக்கு அப்பால் இருக்கும் எண்ட் ஸோனுக்குள் என்றால் ஒரு யார்டு கோட்டில் வைப்பார்கள். இது தெரியாமல், பந்து எட்டாத உயரத்தில் பறக்கும்போதே பதறி இழுப்பவர்கள் உண்டு. விட்டிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

‘ஐந்து யார்டுதானே’

என் எரிச்சல் முழுக்க இந்தத் தவறின் மேல்தான்.

என் இரண்டாவது சீசன், நாக்-அவுட் ஆட்டம். நாங்கள் மூன்று புள்ளி முன்னிலை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. எதிரணிக்கு மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, போக வேண்டியது 18 யார்டு. என் ஆள் ஆறு யார்டு ஓடி உள்ளே திரும்புவது போல் காட்டி வெளியே வெட்டினான். நான் தப்பான காலில் நின்றேன். கை தானாகப் போய் அவன் சட்டையைப் பிடித்தது. அந்த நேரத்தில் மைதானத்தின் மறுபக்கம் எங்கள் ஆள் பந்தை எறிய வேண்டிய அவர்கள் குவாட்டர்பேக்கைச் சாய்த்துக்கொண்டிருந்தான். என் பக்கம் பந்து வரவே இல்லை. வரப்போவதும் இல்லை.

கொடியைப் பார்த்ததும் நான் பயப்படவில்லை என்பதுதான் இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. ‘சரி, ஐந்து யார்டுதானே, இப்போது மூன்றாவது டவுன், 13’ என்று மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். அப்புறம்தான் நடுவர் கையை நீட்டி முதல் டவுன் என்று காட்டினார். குவாட்டர்பேக்கைச் சாய்த்தவன் தரையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தான். ஆறு முயற்சி கழித்து அவர்கள் டச் டவுன் போட்டார்கள். எங்கள் கோச் திட்டவில்லை. பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவும் இல்லை.

விஷயம் இதுதான். இந்த ஆட்டத்தில் ஓர் அணிக்கு 10 யார்டு போக நான்கு முயற்சிகள், அவைதான் டவுன்கள். மூன்றாவதில் போகாவிட்டால் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். தாக்கும் அணி ஹோல்டிங் (ஆளைப் பிடித்து இழுப்பது) செய்தால் 10 யார்டு பின்னால் போகும், ஆனால் அதே டவுனை மறுபடி ஆடும். தடுக்கும் அணி ஹோல்டிங் செய்தால் 5 யார்டுதான், கூடவே தானாக ஒரு முதல் டவுன். நான்கு முயற்சியும் புதிதாக. தடுப்பவர் முன்னதாகக் கோட்டைத் தாண்டும் ஆஃப்சைடுக்கும் 5 யார்டுதான், ஆனால் அதில் தானாக முதல் டவுன் கிடையாது. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே விலை என்று பையன்கள் நினைக்கிறார்கள். ஹோல்டிங் கொடியில் ஐந்து யார்டு வெறும் சில்லறை. நாம் கொடுப்பது டவுன்.

ஆகவே போக வேண்டிய தூரம் அதிகமாக ஆக இந்த ஃபவுலின் விலையும் ஏறும். மூன்றாவது டவுன், 2 என்றால் அவர்கள் எப்படியும் போயிருக்கலாம், நஷ்டம் கொஞ்சம்தான். மூன்றாவது டவுன், 18 என்பது ஏறக்குறைய நம் கைக்கு வந்துவிட்ட பந்து. அங்கே சட்டையைப் பிடிப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. புதியவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். தூரம் அதிகம் என்றால் ரிசீவர் நெடுந்தூரம் ஓடுவான், பயம் அதிகம், கை சீக்கிரம் நீளும்.

2023 பிப்ரவரி 12, அரிசோனாவில் சூப்பர் பவுல். ஈகிள்ஸும் சீஃப்ஸும் 35-35. 1 நிமிடம் 54 வினாடி பாக்கி. சீஃப்ஸுக்கு ஈகிள்ஸின் 15 யார்டு கோட்டில் மூன்றாவது டவுன், 8. அவர்கள் குவாட்டர்பேக் மஹோம்ஸ் எறிந்த பந்து ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டருக்கு எட்டாமல் போனது. ஆனால் ஈகிள்ஸ் கார்னர்பேக் ஜேம்ஸ் பிராட்பெரி அதற்கு முன் சட்டையை இழுத்திருந்தார். கொடி. ஆட்டம் முடிந்ததும் பிராட்பெரி மறைக்கவில்லை: இழுத்தேன், விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன் என்றார். நேர்மையான ஆள்.

அதன் பிறகு வாரக்கணக்கில் எல்லோரும் நடுவரைப் பற்றியே பேசினார்கள். அந்த நேரத்தில் கொடி போடலாமா, கூடாதா? எனக்கு அந்த விவாதமே பிடிக்கவில்லை. கொடி விழாமல் இருந்திருந்தால் நான்காவது டவுன். சீஃப்ஸ் மூன்று புள்ளிக்கு ஃபீல்டு கோல் உதைத்து 38-35 ஆக்கியிருப்பார்கள். ஈகிள்ஸ் கையில் பந்து, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நேரம். கொடி விழுந்ததால் நடந்தது வேறு. சீஃப்ஸின் ஜெரிக் மெக்கினன் டச் டவுன் போட வாய்ப்பிருந்தும் வேண்டுமென்றே 2 யார்டு கோட்டருகே சறுக்கி உட்கார்ந்தார். சீஃப்ஸ் கடிகாரத்தை ஓடவிட்டு, 8 வினாடி பாக்கி இருக்கும்போது 27 யார்டு ஃபீல்டு கோலை உதைத்தார்கள். ஸ்கோர் அதே 38-35தான். ஈகிள்ஸ் இழந்தது கிட்டத்தட்ட முழு நேரத்தையும். ஒரு டவுனுக்குள் அவ்வளவு நேரம் மடித்து வைத்திருக்கிறது.

பிராட்பெரி திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. கை செய்தது. என் கதையிலும் அதேதான். ‘வேண்டுமென்றே’ என்கிற பெயர் பெரும்பாலும் கொடி விழுந்த பிறகு வைப்பது. உண்மையில் திட்டமிட்ட ஃபவுல் என்றால் பந்து கிளம்புவதற்கு முன்பே உங்களுக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: எத்தனையாவது டவுன், எவ்வளவு தூரம், கடிகாரத்தில் எவ்வளவு. என் பையன்களை ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் இதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

கணக்குப் பார்த்துச் செய்ததற்கு ஓர் உதாரணம் வேண்டுமானால் 2020 அக்டோபரில் டைட்டன்ஸ்-டெக்ஸன்ஸ் ஆட்டம். டைட்டன்ஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. மூன்று நிமிடம் சொச்சம் பாக்கி. டெக்ஸன்ஸுக்கு இரண்டாவது டவுன், ஒரே ஒரு யார்டு தேவை. டைட்டன்ஸ் பயிற்சியாளர் மைக் வ்ரேபல், பதினோரு பேர் மட்டுமே ஆடலாம் என்றிருக்க, பன்னிரண்டாவது ஆளை மைதானத்துக்குள் அனுப்பிக் கொடி வாங்கினார். டெக்ஸன்ஸுக்கு முதல் டவுன் கிடைத்தது, கடிகாரம் நின்றது, டைம் அவுட் செலவாகவில்லை. அந்த முதல் டவுன் எப்படியும் போகப்போவதுதான். டெக்ஸன்ஸ் டச் டவுன் போட்டும்கூட, டைட்டன்ஸுக்குத் திரும்பி வர நேரம் இருந்தது. 4 வினாடி மிச்சமிருக்கும்போது சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 42-36 என்று வென்றார்கள். வேண்டுமென்றுதான் செய்தீர்களா என்று கேட்டவர்களுக்கு வ்ரேபல் நேராகப் பதில் சொல்லவில்லை.

பழைய வீடியோவை நம்புவது

2016 நவம்பரில் ரேவன்ஸ் அணி பெங்கால்ஸுக்கு எதிராக 19-12 முன்னிலையில், 11 வினாடி பாக்கி இருக்கும்போது, பந்தை உதைக்க வேண்டிய சாம் காக் தன் எண்ட் ஸோனிலேயே சுற்றிச் சுற்றி நேரத்தைக் கரைத்தார். சக வீரர்கள் எதிரணியில் கைக்குக் கிடைத்தவரையெல்லாம் கட்டிப்பிடித்தார்கள். எதிரணிக்கு இரண்டு புள்ளி போனது, ஆட்டமும் முடிந்தது. அதே மாதம் ஃபார்ட்டி நைனர்ஸ் டிஃபென்ஸ் செயின்ட்ஸ் ரிசீவர்களை மொத்தமாகப் பிடித்து வைத்து நேரத்தைத் தின்றது. பையன்கள் இந்த இரண்டு வீடியோவையும் மாறி மாறி அனுப்புகிறார்கள்.

2017இலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். நேரத்தைக் கரைக்க ஒரே முயற்சியில் பல ஃபவுல் செய்தால் 15 யார்டு, கரைத்த நேரமும் திரும்பி வரும். ரேவன்ஸ் செய்தபோது பந்து அவர்களுடையது என்பதையும் பையன்கள் கவனிப்பதில்லை. தடுக்கும் அணி ஃபவுல் செய்து, எதிரணி அதை ஏற்றுக்கொண்டால் ஆட்டம் அத்தோடு முடியாது. கடிகாரம் பூஜ்யமானாலும் இன்னொரு முயற்சி உண்டு.

பன்னிரண்டாவது ஆளை வைத்து நேரம் கரைப்பதும் இப்படித்தான். 2012 சூப்பர் பவுலில் 17 வினாடி இருக்கும்போது ஜயன்ட்ஸ் பக்கம் 12 பேர் நின்றார்கள். 5 யார்டு கொடுத்தார்கள், 8 வினாடி போனது. தெரிந்து செய்ததோ, தவறியதோ, அந்த வருடமே விதியை மாற்றினார்கள். இப்போது 12 பேர் வரிசையில் நின்றால் பந்து கிளம்புவதற்கு முன்பே விசில். வ்ரேபலுக்கு வேண்டியது அந்த விசில்தான். நேரத்தைக் கரைக்க நினைப்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

கோல் கோட்டருகே தாண்டிக் குதிப்பது

ஒரு யார்டு கோட்டில் தண்டனை பாதித் தூரம்தான், அதனால் எத்தனை முறை முன்னதாகக் கோட்டைத் தாண்டினாலும் நஷ்டமில்லை என்று ஒரு கணக்கு. 2025 ஜனவரியில் என்எஃப்சி சாம்பியன்ஷிப்பில் வாஷிங்டனின் ஃபிராங்கி லுவு, பந்து வைத்திருப்பவரைப் பின்னாலிருந்து தள்ளிவிடும் ஈகிள்ஸின் உத்தியை முறியடிக்க வரிசைக்கு மேலே பறந்து குதித்தார், திரும்பவும் குதித்தார். இப்படியே தொடர்ந்தால் எதிரணிக்கு நேரடியாகப் புள்ளி கொடுக்க முடியும் என்று நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இருப்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. ஈகிள்ஸ் 55-23.

‘எல்லாவற்றையும் பிடிக்க மாட்டார்கள்’

நடுவர்கள் எல்லா ஃபவுலுக்கும் கொடி போட மாட்டார்கள் என்று 2013இல் சீஹாக்ஸ் அப்படித்தான் ஆடியது. லீகிலேயே அதிகத் தண்டனை வாங்கிய அணி, சூப்பர் பவுலை 43-8 என்று வென்ற அணியும் அதுவே. அடுத்த வருடமே ஹோல்டிங்கிலும் தொடுவதிலும் கண்டிப்பு காட்டச் சொல்லி நடுவர்களுக்கு உத்தரவு போனது. 2004இலும் இப்படி நடந்தது. ஸ்டீலர்ஸ் கார்னர்பேக் மெல் பிளவுன்ட் ரிசீவர்களைப் போட்டு நசுக்கியதால், 1978இல் ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக் கூடாது என்று விதியே வந்தது. நீங்கள் சீஹாக்ஸ் இல்லை.

காயப்படுத்துவது

இதை உத்தி என்று சொல்பவனோடு எனக்குப் பேச்சில்லை.

கட்டைவிரலை உயர்த்துவது

நடுவரும் பார்க்கிறார்.

அந்தப் பையனை ஓரமாகக் கூப்பிட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்து, ‘கோச், அவன் என்னைத் தாண்டிவிட்டான், அதனால்தான்’ என்று ஆரம்பித்தான். எத்தனையாவது டவுன் என்று கேட்டேன். திரும்பி ஓரத்தில் நின்ற டவுன் கம்பத்தைப் பார்த்தான். அதில் எண்ணை ஏற்கெனவே ஒன்றுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.